மர லேத் ஸ்டெப் புல்லி ஸ்பிண்டிலை விட்டு வர மறுக்கிறது, என்ன செய்யலாம்?

மாந்தோப்பு_மரவேலை (காவேரிப்பட்டணம்)

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மரக் கடைசல் மிஷின். ஏதோ ஒரு உள்ளூர்ப் பட்டறையில் வார்த்துச் செய்தது, பெயர்த் தகடு கிடையாது, அதனால் படம், கையேடு என்று எதையும் தேட வழியில்லை. 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். கட்டில் கால், படிக்கட்டுத் தூண், நடுவில் சப்பாத்திக் கட்டை, மத்து, பம்பரம் என்று வேலை ஓடுகிறது. எங்கள் பக்கம் பழைய மாந்தோப்பை எடுத்துவிட்டுப் புதுக் கன்று நடுகிறவர்களிடம் மரம் மலிவாகக் கிடைக்கும், அப்புறம் புளிய மரம். இரண்டும்தான் அதிகம் கடைகிறேன்.

முன்பக்க பேரிங் போய்விட்டது. ஓடும்போது கரகரவென்று சத்தம், மரத்தைக் கவ்வுகிற ‘சக்’கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் கையிலேயே தெரிகிறது, மெல்லிய தூணில் உளி வைத்தால் வரி வரியாக விழுகிறது. பேரிங் மாற்ற ஸ்பிண்டிலை (மரத்தைச் சுழற்றுகிற தண்டை) வெளியே எடுக்க வேண்டும், ஸ்பிண்டில் வர வேண்டுமென்றால் நடுவில் இருக்கிற நாலு படி ஸ்டெப் புல்லி (வேகம் மாற்ற நாலு அளவில் படி வைத்த பெல்ட் சக்கரம்) அதை விட வேண்டும். அங்கேதான் வேலை நின்றுவிட்டது.

அமைப்பு இப்படி: ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டிலைத் தாங்குகிற தலைப்பெட்டியில்) முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர், இரண்டிலும் பேரிங், நடுவில் புல்லி. புல்லியின் சின்னப் படி பின்பக்கம் பார்த்திருக்கிறது, அதற்கும் பின்னால் கொஞ்சம் நீண்ட கழுத்து, அந்தக் கழுத்தில் கிரப் ஸ்க்ரூ (புல்லியைத் தண்டோடு இறுக்குகிற தலையில்லாத ஸ்க்ரூ). ஸ்பிண்டில் முன்னால் தடிமனாகவும் பின்னால் ஒல்லியாகவும் இருப்பதால் முன்பக்கமாகத்தான் வர வேண்டும்.

இதுவரை செய்தது: பின்னால் இருந்த கைச்சக்கரத்தையும் நட்டையும் கழற்றினேன் (நட்டு இடது மரை, அதற்கே ஒரு பாடு). கிரப் ஸ்க்ரூவை எடுத்தேன். பின் நுனியில் மரக்கட்டை வைத்து அடித்தால் ஸ்பிண்டிலும் புல்லியும் சேர்ந்தே முன்னால் நகர்கின்றன, ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருக்கிறது, இன்னும் அடித்தால் புல்லி முன் சுவரில் போய் முட்டும். டபிள்யூடி 40 (துரு இளக்குகிற ஸ்ப்ரே எண்ணெய்) அடித்து ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. புல்லியை இழுத்துக் கழற்றுகிற மூன்று கால் புல்லர் இரவல் வாங்கி வந்தால் கால்கள் நுழைய இடமே இல்லை, பெரிய படியின் விளிம்பில் மாட்டி லேசாக முறுக்கியதும் விளிம்பு வளைகிற மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

தெருவில் வெல்டிங் கடை வைத்திருப்பவர் கேஸ் டார்ச் கொண்டுவந்தால் ஐந்து நிமிட வேலை என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சூடு காட்டலாமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

தீப்பொறி (தருமபுரி)

உங்கள் தெரு வெல்டர் சொல்வது சரிதான் தலைவா. நான் ரைஸ் மில் புல்லி, கரும்பு ஆலை புல்லி, மாவு மில் புல்லி எல்லாம் எடுத்திருக்கிறேன், சூடு காட்டாமல் வந்தது ரொம்பக் குறைவு. ஹப்பை, அதாவது தண்டைப் பிடிக்கிற நடுப் பகுதியை, சுற்றி வேகமாகச் சூடேற்ற வேண்டும், தண்டில் ஈரத் துணி சுற்றி வைக்க வேண்டும். மெதுவாகக் காட்டினால் தண்டும் சேர்ந்து சூடாகிவிடும், அப்புறம் சூடு காட்டியதற்கே அர்த்தமில்லை. வேகமாகக் காட்டி உடனே ஒரு அடி, அவ்வளவுதான்.

பழைய_டர்னர் (ஓசூர்)

தம்பி, டார்ச்சும் வேண்டாம், சுத்தியலும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் சில விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, புல்லியில் காந்தம் ஒட்டுகிறதா? ஒட்டினால் வார்ப்பிரும்பு. ஒட்டவில்லையென்றால் அலுமினியமாக இருக்கலாம், துத்தநாகக் கலவை வார்ப்பாகவும் இருக்கலாம். தருமபுரி நண்பர் எடுத்ததெல்லாம் வார்ப்பிரும்புப் புல்லிகள், அதற்கு அவர் சொன்ன முறை சரி. துத்தநாகக் கலவை 385 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பலம் போய்ப் பிட்டு மாதிரி உதிரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் இரும்பு மாதிரி சிவந்து காட்டி எச்சரிக்காது, பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு பக்கம் தொங்கிவிடும். டார்ச் பிடிக்கிறவருக்கு இரும்பில் கை பழகியிருந்தால் இன்னும் ஆபத்து, அவர் நிறத்துக்காகக் காத்திருப்பார்.

இரண்டாவது விஷயம்தான் நான் அதிகம் சந்தேகப்படுவது. கிரப் ஸ்க்ரூவை எடுத்தேன் என்கிறீர்கள், எடுத்த ஓட்டைக்குள் டார்ச் லைட் அடித்துப் பார்த்தீர்களா? அதிர்வில் ஸ்க்ரூ தளராமல் இருக்க ஒரே ஓட்டையில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ போடுகிற வழக்கம் உண்டு. மேலே உள்ளது பூட்டு, கீழே உள்ளதுதான் தண்டைப் பிடிக்கிறது. மேலே ஒன்றை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து அடிக்க ஆரம்பித்து, புல்லியைப் பிளந்த பிறகு அடியில் இன்னொன்று இருப்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு குச்சியால் உள்ளே குத்திச் சுத்தம் செய்து, அடியில் வழவழப்பான தண்டு தெரிகிறதா, ஆலன் கீ நுழைகிற அறுகோணப் பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை அடைத்திருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தண்டு மாதிரியே தெரியும். ஆணி நுனியால் சுரண்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியே புல்லியை முழுச் சுற்றுத் திருப்பி மற்றப் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், 90 டிகிரியில் இன்னொன்று இருக்கலாம், பெல்ட் ஓடுகிற பள்ளத்தின் அடியில்கூட ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, புல்லிக்கும் தண்டுக்கும் நடுவில் சாவி (இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற சதுர இரும்புத் துண்டு) இருக்கிறதா? கழுத்தின் பின் முகத்தில் சதுரப் பள்ளம் தெரியும்.

நான்காவது, ஸ்பிண்டில் நடுவில் ஓட்டை போகிறதா, முழுக் கட்டியா? இதைப் பொறுத்துத்தான் எடுக்கிற வழி.

மரக்கால் (பாலக்கோடு)

டார்ச்சைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், உலோகம் எதுவாக இருந்தாலும் சரி. இது மர லேத். ஹெட்ஸ்டாக் வயிற்றுக்குள் எத்தனை வருடத்துத் தூள் இருக்கும் என்று யோசியுங்கள். அதன் மேல் டபிள்யூடி 40 வேறு அடித்திருக்கிறீர்கள், அது நன்றாகத் தீப்பிடிக்கும். தூளில் பிடித்த நெருப்பு சுவாலையாக எரியாது, உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து நீங்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போன பிறகு கிளம்பும். சூடு காட்டியே தீர வேண்டுமென்றால் ஹெட்ஸ்டாக்கை லேத் படுக்கையிலிருந்து கழற்றி வெளியே மண் தரையில் வைத்துச் செய்யுங்கள், கொட்டகைக்குள் வேண்டாம்.

இன்னொன்று. பச்சை மாமரம் கடைகிறீர்களா? பச்சை மரம் கடையும்போது சாறு தெறித்து ஸ்பிண்டில் மேலெல்லாம் விழும், மரத்தின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படியும், அதன் மேல் தூளும் எண்ணெயும் ஒட்டிக் கோந்து மாதிரி இறுகிவிடும். பார்ப்பவர்கள் துரு என்பார்கள், பாதி அது பிசின்தான். அதற்கு டபிள்யூடி 40யைவிடத் தின்னர் நன்றாகக் கேட்கும். தண்டில் புல்லியை ஒட்டித் தெரிகிற இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, எமரி பேப்பரைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றி இழுத்து இரும்பு பளபளக்கிற வரை தேய்த்துவிடுங்கள். புல்லி நகர வேண்டிய பாதையே அதுதான், அங்கே ஒரு மெல்லிய படிவம் இருந்தாலும் கால் இன்ச் நகர்ந்து மறுபடி இறுகும்.

மாந்தோப்பு_மரவேலை

எல்லாருக்கும் நன்றி. ஓசூர் அண்ணா கேட்டதற்கெல்லாம் பதில்:

காந்தம் ஒட்டவில்லை. அரத்தால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டேன், வெள்ளியாக மின்னுகிறது. அலுமினியமா துத்தநாகமா என்று எப்படிச் சொல்வது? புல்லி ஸ்பிண்டிலில் இருக்கும்போது எடை பார்க்க முடியாதே.

கிரப் ஸ்க்ரூ விஷயத்தில் அண்ணா சொன்னது அப்படியே இருந்தது! ஆணியால் சுரண்டியதும் கறுப்புப் பசையாக வெளியே வந்தது, உள்ளே இன்னொரு அறுகோணப் பள்ளம். 3 மி.மீ. ஆலன் கீ வழுக்கிக்கொண்டு சுற்றியது. கடைக்காரர் ஒருவர் இது பழைய இன்ச் அளவாக இருக்கும் என்று 1/8 இன்ச் கீ கொடுத்தார், அது கச்சிதமாக உட்கார்ந்தது. கீயின் தலையில் நாலு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினேன், டக்கென்று விட்டது. சுற்றிலும் தேடிவிட்டேன், வேறு ஓட்டை இல்லை.

சாவி இல்லை, இரண்டு ஸ்க்ரூவை நம்பித்தான் புல்லி ஓடியிருக்கிறது. ஸ்பிண்டில் ஓட்டையோடுதான் இருக்கிறது, 12 மி.மீ. கம்பி பின்னாலிருந்து முன்னால் வரை தாராளமாகப் போகிறது. தண்டின் நடுப் பகுதி 28 மி.மீ., முன் பேரிங் உட்காருகிற இடம் 30, பின் பேரிங் இடம் 25.

ஆனால் இன்னும் புல்லி வரவில்லை. பாலக்கோடு ஐயா சொன்னபடி தின்னர் போட்டுத் தேய்த்தும் விட்டேன். ஸ்பிண்டிலைப் பிடித்துக்கொண்டு புல்லியைக் கையால் திருகினால் ஒரு நூலளவு திரும்பி டக்கென்று நின்றுவிடுகிறது, எதிர்ப்பக்கமும் அப்படியே.

பழைய_டர்னர் (ஓசூர்)

அந்த நூலளவு திரும்பி நிற்கிறது என்றீர்களே, இப்போது எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. துருப் பிடித்திருந்தால் கொஞ்சம்கூடத் திரும்பாது, இல்லையென்றால் விட்டபின் முழுக்கத் திரும்பும். குறிப்பிட்ட இடத்தில் முட்டி நிற்கிறது என்றால் தண்டில் பிசிர் ஏறியிருக்கிறது.

கிரப் ஸ்க்ரூவின் நுனி கெட்டியானது, ஸ்பிண்டில் இரும்பு அதைவிட மெது. இறுக்க இறுக்க நுனி தண்டில் குழி பறிக்கும், குழியிலிருந்து ஒதுங்குகிற இரும்பு சுற்றிலும் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். புல்லி ஓட்டை 28, தண்டு 28, நடுவில் இருக்கிற இடைவெளி மில்லி மீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. வரப்பு அதைவிட உயரம். நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அந்த வரப்பு மெதுவான அலுமினியத்தை உழுதுகொண்டே போகும், உழுத சில்லு முன்னால் குவிந்து இன்னும் இறுகும். அதனால்தான் பலம் போடப் போட மோசமாகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது இரண்டு.

முதலில் அந்த ஸ்க்ரூ ஓட்டை வழியாகவே வரப்பின் தலையைத் தட்டிவிடப் பாருங்கள். ஸ்க்ரூ கால் இன்ச் என்றால் ஓட்டையின் மரைக்கு உள்ளே 5 மி.மீ. டிரில் பிட் மரையைத் தொடாமல் இறங்கும். பிட்டைக் கை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றி, குழியைச் சுற்றி எழும்பியதை மட்டும் சுரண்டி எடுங்கள், துளை போட வேண்டாம், அரை மில்லி மீட்டர் இறங்கினால் அதிகம். வந்த சில்லை ஊதி எடுத்துவிடுங்கள். பாதி நேரம் இதிலேயே விட்டுவிடும்.

விடவில்லையென்றால் இரண்டாவது. நீங்கள் இதுவரை புல்லியைத் தள்ளியது நீளமான வழியில். ஸ்க்ரூ இருப்பது பின் கழுத்தில், கழுத்தின் பின் முகத்திலிருந்து அது 10 மி.மீ. தள்ளி இருக்கும் என்று நீங்கள் சொன்ன அமைப்பை வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஸ்பிண்டிலை முன்னால் தள்ளினால் வரப்பு புல்லியின் முழு நீளத்தையும் கடந்து வர வேண்டும், அது 3 இன்ச்சுக்கு மேல். அதையே பின்னால் தள்ளினால் 10 மி.மீ. நகர்ந்ததும் வரப்பு கழுத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். வெளியே வந்ததும் சின்ன அரத்தால் அதைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டால், அப்புறம் வந்த வழியே முன்னால் தள்ளலாம், தடையிருக்காது. நல்லவேளை, நீங்கள் ஏற்கெனவே ஸ்பிண்டிலை முக்கால் இன்ச் முன்னால் அடித்து வைத்திருக்கிறீர்கள், அதனால் பின்னால் போக இடம் இருக்கிறது.

இதைச் சுத்தியலால் செய்ய வேண்டாம். ஓட்டையுள்ள ஸ்பிண்டில் என்பதால் உங்களுக்கு அருமையான வழி இருக்கிறது. 10 மி.மீ. திரெட் ராடு (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) ஒன்று, ஸ்பிண்டிலைவிட ஒரு அடி நீளமாக வாங்குங்கள். சாதாரண ராடு இழுபட்டு மரை மழுங்கும், 8.8 என்று தரம் கேட்டு வாங்குங்கள், அது 3 டன்னுக்கு மேல் தாங்கும். ராடை ஸ்பிண்டிலுக்குள் விட்டு, முன் நுனியில் கனமான வாஷரும் நட்டும் போடுங்கள், வாஷர் ஸ்பிண்டில் முகத்தில் உட்கார வேண்டும், மரையில் இல்லை. பின்பக்கம், ஸ்பிண்டில் நுனி உள்ளே போகிற அளவு அகலமான குழாய்த் துண்டு ஒன்றைப் பின் சுவரின் வெளி முகத்தில் நிறுத்தி, அதன் மேல் ஓட்டை போட்ட தடித்த பட்டை, அதன் மேல் நட்டு. இப்போது ஹெட்ஸ்டாக்குக்கு உள்ளே, பின் சுவருக்கும் புல்லிக் கழுத்துக்கும் நடுவில் அணைப்புக் கட்டை கொடுக்க வேண்டும். குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்தால் இரண்டு அரைவட்டம் கிடைக்கும், தண்டின் இரண்டு பக்கமும் வைத்துக் கம்பியால் கட்டிவிடுங்கள். நீளம் சரியாக வெட்ட வேண்டும், இரண்டும் ஒரே அளவு, இல்லையென்றால் புல்லி கோணலாகி இன்னும் பிடிக்கும்.

நட்டை முறுக்கினால் ராடு ஸ்பிண்டிலைப் பின்னால் இழுக்கும், புல்லி அணைப்பில் முட்டி நிற்கும். இதில் அழகு என்னவென்றால், பின் சுவருக்கு வெளியே குழாய் அழுத்துகிறது, உள்ளே அணைப்பு அழுத்துகிறது, சுவர் நடுவில் நசுங்கத்தான் செய்கிறதே தவிர வளையவில்லை. வார்ப்பிரும்பு நசுக்கத்தை நன்றாகத் தாங்கும், வளைவைத்தான் தாங்காது. பின்னாலிருந்து சுத்தியலால் அடித்துப் புல்லியை முன் சுவரில் முட்ட விட்டிருந்தால் அந்தச் சுவர்தான் முதலில் விரிசல் விட்டிருக்கும்.

முறுக்கி நன்றாக இறுகியதும் நிறுத்திவிட்டு, புல்லிக் கழுத்தைச் சுற்றிச் செம்பு அல்லது பித்தளைத் துண்டால் லேசாகத் தட்டுங்கள். இறுக்கத்தில் இருக்கும்போது தட்டுவதுதான் வேலை செய்யும். வரவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டுப் போய் டீ குடித்து வாருங்கள், சில சமயம் ஆளில்லாத நேரத்தில் டிக்கென்று தானே விடும்.

சூட்டைப் பற்றி: அலுமினியம் என்றால் சூடு உண்மையில் உங்களுக்கு உதவும், ஆனால் டார்ச் இல்லை, பெயின்ட் உரிக்கிற ஹாட் கன் போதும். அலுமினியம் இரும்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 28 மி.மீ. ஓட்டை, 100 டிகிரி ஏற்றினால் அலுமினியத்தில் ஓட்டை 0.06 மி.மீ. பெரிதாகும், தண்டும் அதே சூட்டுக்கு வந்தால்கூட அது 0.03தான் பெரிதாகும். மீதி 0.03 உங்களுக்கு லாபம். வார்ப்பிரும்புப் புல்லியில் இந்த லாபம் கிடையாது, இரண்டும் சேர்ந்து சூடானால் தண்டுதான் கொஞ்சம் அதிகம் விரியும், அதனால்தான் தருமபுரி நண்பர் வேகமாகச் சூடேற்றச் சொன்னார். தண்ணீர் சொட்டு விட்டால் சுர்ரென்று தெறிக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். துத்தநாகமாக இருந்தாலும் இந்தச் சூட்டுக்கு ஒன்றும் ஆகாது, அதனால் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. டபிள்யூடி 40யைத் துடைத்துக் காயவிட்ட பிறகு, தூளையெல்லாம் எடுத்த பிறகு.

தீப்பொறி (தருமபுரி)

அலுமினியம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் டார்ச் பேச்சையே எடுத்திருக்க மாட்டேனே. வார்ப்பிரும்பு என்றால் இப்போதும் நான் சொன்னதுதான். ராடு ஏற்பாடு நன்றாக இருக்கிறது, எனக்கும் ஒன்று செய்துவைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சொப்புக்கடை (ஊத்தங்கரை)

நான் சின்ன லேத்தில் அரக்குப் பூசிய பொம்மை, சொப்பு கடைகிறவள், கர்நாடகச் சென்னபட்டணத்துப் பாணி. இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அலுமினியப் புல்லிதானே, ஆக்ஸா பிளேடால் கழுத்தை நீளவாக்கில் தண்டைத் தொடாத அளவு அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கழுத்து விரிந்துவிடும். புல்லி போகும், ஸ்பிண்டில் பிழைக்கும். என் மிஷினில் அப்படித்தான் எடுத்தோம்.

பழைய_டர்னர் (ஓசூர்)

அக்கா சொல்வது கடைசி வழியாகச் சரி. அறுக்கத் துணிந்தால் தண்டுக்கு ஒரு மில்லி மீட்டர் மிச்சம் வைத்து நிறுத்துங்கள், அறுக்கிற கோடு ஸ்க்ரூ ஓட்டை வழியாகப் போகட்டும், அங்கே உலோகம் ஏற்கெனவே குறைவு. ஆனால் நாலு படி ஸ்டெப் புல்லி என்றால் மோட்டாரில் இருக்கிற ஜோடியோடு படிக்குப் படி பொருந்த வேண்டும். நம் தம்பியுடையது பெயரில்லாத மிஷின், கடையில் கிடைப்பது அதே அளவாக இருக்காது, ஒரு படியில் பெல்ட் இறுகும், அடுத்த படியில் தொங்கும். கடைசியில் இரண்டு புல்லியும் புதிதாகக் கடைய வேண்டி வரும். அதனால் முதலில் காப்பாற்றப் பார்ப்போம்.

மாந்தோப்பு_மரவேலை

வந்துவிட்டது!

டிரில் பிட் வேலை முதலில் செய்தேன், மினுமினுவென்று இரும்புச் சில்லு வந்தது, ஆனாலும் புல்லி முழுதாக விடவில்லை, திருகினால் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் திரும்பியது, அவ்வளவுதான். ராடு கிருஷ்ணகிரியில் வாங்கினேன். அணைப்புக்கு இரும்புக் குழாய் கைவசம் இல்லை, காய்ந்த புளியங்கட்டையை ஓட்டை போட்டு இரண்டாகப் பிளந்து வைத்தேன், தாங்கிவிட்டது. நட்டை ஸ்பேனரால் முறுக்கினேன், கை வலிக்கிற அளவு இறுகியது, அசைவில்லை. ஹாட் கன் காட்டித் தண்ணீர் சொட்டு தெறிக்கிற நிலை வந்ததும் பித்தளைத் துண்டால் கழுத்தில் தட்ட ஆரம்பித்தேன், படீரென்று ஒரு சத்தம், புல்லிதான் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால் ஸ்பிண்டில் பின்னால் நகர்ந்திருக்கிறது.

கழுத்துக்குப் பின்னால் தண்டில் அண்ணா சொன்ன வரப்பு அப்படியே தெரிந்தது, நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. அதற்குப் பக்கத்தில் பழைய குழி இன்னும் இரண்டு இருக்கின்றன, முன்னால் யாரோ புல்லியை இடம் மாற்றி மாற்றி இறுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் அரம் போட்டு, எமரி போட்டு, துளி எண்ணெய் விட்டு, ராடைத் திருப்பிப் போட்டு முன்பக்கமாக இழுத்தேன், கொஞ்ச தூரத்துக்குப் பிறகு கையாலேயே வந்துவிட்டது. புல்லி ஓட்டைக்குள் ஒரு நீளக் கீறல் இருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது.

முன் பேரிங் 6206 இசட்இசட், பின் பேரிங் 6205 இசட்இசட் என்று எழுதியிருக்கிறது. அதையே வாங்கட்டுமா? மறுபடி இப்படிப் பிடிக்காமல் இருக்கப் புல்லியை மாட்டும்போது என்ன செய்ய வேண்டும்?

பழைய_டர்னர் (ஓசூர்)

சந்தோஷம் தம்பி. கீறல் விளிம்பில் எழும்பியிருந்தால் எமரியால் லேசாகத் தொட்டுவிடுங்கள், ஓட்டையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

எண் அதேதான், பின்னால் வருவதை மாற்றி 2ஆர்எஸ் என்று கேளுங்கள். இசட்இசட் என்றால் இரும்புத் தகடு மூடி, அதற்கும் உள் வளையத்துக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும், மரத்தூள் நுழையும். 2ஆர்எஸ் இரண்டு பக்கமும் ரப்பர், தொட்டுக்கொண்டு மூடும். பேரிங்கை ஏற்றும்போது தண்டில் ஏறுவது உள் வளையம், அதனால் உள் வளையத்தில் மட்டும் குழாயை வைத்துத் தள்ளுங்கள். வெளி வளையத்தில் தட்டினால் அடி முழுக்க குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும், புது பேரிங் முதல் நாளே பழசு மாதிரி இரையும். இதற்கும் அந்த ராடையே பயன்படுத்தலாம், சுத்தியலே தேவையில்லை.

புல்லிக்கு: ஸ்க்ரூ உட்காருகிற இடத்தில் தண்டில் அரத்தால் தேய்த்து ஒரு சின்னத் தட்டையான இடம் போடுங்கள், 10 மி.மீ. நீளம், அரை மில்லி மீட்டர் ஆழம் போதும். இனி வரப்பு எழும்பினாலும் அந்தத் தட்டைக்குள்ளேயே இருக்கும், தண்டின் வட்டத்தை மீறாது. ஸ்க்ரூவும் தட்டையில் உட்கார்வதால் வழுக்காது. புல்லி ஏறுகிற இடம் முழுக்க கிரீஸ் மெல்லிசாகத் தடவித் துடைத்துவிடுங்கள், அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றாகக் கிடந்தால் வெள்ளையாகப் பூத்து இறுகும். இரண்டு ஸ்க்ரூவும் புதிதாக வாங்குங்கள், ஆனால் இன்ச் மரையில் மி.மீ. ஸ்க்ரூவைத் திணிக்காதீர்கள். மேல் ஸ்க்ரூவில் ஒரு சொட்டு லாக்டைட் 243 (மரை தளராமல் பிடிக்கிற பசை), கீழ் ஸ்க்ரூவில் வேண்டாம்.

மரக்கால் (பாலக்கோடு)

ஸ்பிண்டிலை மறுபடி ஏற்றுவதற்கு முன்னால் பெல்ட்டைப் பாருங்கள். உங்கள் ஹெட்ஸ்டாக் மாதிரி இரண்டு பக்கமும் சுவர் உள்ளதில் பெல்ட் மாற்ற ஸ்பிண்டிலை எடுத்தே ஆக வேண்டும். பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தாலோ, உள்பக்கம் வழவழவென்று பளபளத்தாலோ இப்போதே மாற்றிவிடுவது நல்லது, இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று விடாதீர்கள்.

மாந்தோப்பு_மரவேலை

பெல்ட் ஏ 42, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது, மாற்றிவிடுகிறேன். இரண்டாக வாங்கி ஒன்றை ஸ்பிண்டிலில் சும்மா கோத்து உள்ளேயே ஓரமாகக் கட்டிவைத்தால் அடுத்த முறைக்கு ஆகுமா?

மரக்கால் (பாலக்கோடு)

இடம் இருந்தால் செய்யலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கட்டு அவிழ்ந்து ஓடுகிற புல்லியில் சுற்றினால் வம்பு, தூளும் எண்ணெயும் பட்டுக் கிடக்கிற ரப்பர் சும்மா இருந்தே கெட்டுவிடும். அதற்குப் பதில் அடுத்த முறை கண்ணி கண்ணியாகக் கோர்க்கிற லிங்க் பெல்ட் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்பிண்டிலைத் தொடாமலே சுற்றிப் போட்டு மாட்டிவிடலாம். விலை கூடத்தான், ஓசூர் பக்கம் கேட்டுப் பாருங்கள்.